கரையடி வீடு

அந்த வீட்டை அவன் கடைசிக்கு வைத்திருந்தான்.

பதினோரு நாளாகக் கீழக்குடியில் வெள்ளச் சேறு அள்ளுகிறார்கள். மேலக்குடிப் பிள்ளைகள் இருபது பேர். பட்டியல் அவன் கையில். எந்த வீட்டுக்கு எத்தனை பேர், பள்ளிக்கூடத்தில் யார் சமையல், பிளீச்சிங் பவுடர் எங்கே தூவுவது, எல்லாம் அவன் சொல்கிறபடிதான். பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்கிறார்கள் கீழக்குடிக்காரர்கள். அவனைக் கண்டால் பெரியவர்கள்கூட எழுந்து நிற்கிறார்கள்.

எழுந்து நிற்காதீர்கள் என்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தியதில்லை.

குளத்துக் கரைக்கு நேர் கீழே இருக்கிற பூலம்மாள் வீட்டை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இன்றைக்கு வேறு வீடு மிச்சமில்லை.

அவள் வாசலில் நின்றால் கரை தெரிகிறது. உடைந்த இடமும் தெரிகிறது.

உடைந்த இடம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அன்று விடிகிற நேரம். மூன்றாவது நாளாக மழை. குளம் நிரம்பிப் பின்பக்கம் ஏறி, மேலக்குடியில் கடைசித் தெருவின் படிகளைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அவனும் கூட்டாளி உச்சிமாகாளியும் யாரிடமும் மூச்சுவிடாமல் கரையேறினார்கள். ஒரு முழம் வெட்டிவிட்டால் கொஞ்சம் வடியும், அவ்வளவுதான் என்று நினைத்தான். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தான்.

முதல் வெட்டு அவன் வெட்டியது.

பத்தாவது வெட்டுக்குள் காலுக்கடியில் கரை நகர்ந்தது. மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மேலக்குடியில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை.

பூலம்மாள் வீட்டில் அடுப்படி வரைக்கும் சேறு. அள்ள அள்ள வந்தது. பின்னால் தொழுவம். கூரை போய்விட்டது. முளைக்குச்சி மட்டும் நிற்கிறது. அதில் கயிறு அப்படியே கிடந்தது, இரண்டு கட்டாக.

"நான்தான்யா பாவி."

அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்தவன் வாழைய மேஞ்சிட்டு வருதுன்னு ரெண்டு கட்டாக் கட்டிப்போட்டேன். அவுத்து விட்டிருந்தா நீந்திக் கரையேறியிருக்கும். வயித்துல கன்னு வேற."

யார் வந்தாலும் இதையேதான் சொல்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி காதோடு சொல்லிவிட்டுப் போனாள். சோறு இறங்கவில்லையாம். ஒற்றைப் பசு. அதை நம்பித்தான் பிழைப்பு.

அவனுக்குக் கை ஓடவில்லை. தன் பாவத்தை இந்த மனுஷி சுமக்கிறாள், தானோ அவள் வீட்டுச் சேற்றை அள்ளி நல்ல பேர் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தான்.

உச்சிமாகாளி பக்கத்தில் வந்து கூடையை வைத்தான். "வேலையப் பாருலே," என்றான், வாய்க்குள்ளேயே.

பார்த்தான். மத்தியானத்துக்குள் அடுப்படி தரை தெரிந்தது.

கிளம்புகிற நேரத்தில் பூலம்மாள் தொழுவத்து மூலைக்குப் போய் எதையோ எடுத்து வந்தாள்.

மம்பட்டி.

கழுவி, எண்ணெய் தடவி வைத்திருந்தாள். பிடியின் அடியில், கம்பியைக் காய்ச்சிச் சுட்ட இரண்டு எழுத்து.

"வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கே தொழுவத்துல கெடந்துச்சு. நல்ல மம்பட்டி. என்னமோ எழுத்து சுட்டிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாது. இங்க யாருக்கும் அந்தப் பேரு இல்லங்காவ. நீ நாலு ஊருக்குப் போற பிள்ள. உடையவன் யாருன்னு விசாரிச்சுக் குடுத்துருய்யா. பாவம், தேடிக்கிட்டுக் கெடப்பான்."

சரி என்றால் போதும்.

வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள். பதினோரு நாள் ஓடியது போல மிச்ச நாளும் ஓடிவிடும்.

பின்னால் உச்சிமாகாளி கூடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

பூலம்மாளின் கண் மறுபடியும் கயிற்றுக்குப் போனது. உதடு அசைந்தது. ரெண்டு கட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என்னுதுதான், அத்த."

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான்.

"இது என்னுதுதான். எங்க அப்பா சுட்ட எழுத்து."

அவள் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். "நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு," என்று முந்தானையால் பிடியை ஒருமுறை துடைத்து நீட்டினாள்.

அவன் பிடித்தான்.

அவள் விடவில்லை.

"ஒங்க ஊருக்குள்ளதான் தண்ணியே ஏறலையேய்யா."

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

அவன் கரையைத் திரும்பிப் பார்த்தான்.

அவளும் பார்த்தாள்.