தொட்டிக்குள் நுரை

புளித்த கரும்புப்பாகிலிருந்து எரிபொருளுக்கான சாராயத்தை மட்டும் கசியவிடும் சவ்வு அன்று அடைத்துக்கொண்டது. பாகுத் தொட்டியின் அடியில் தேங்கிய கசடுதான் காரணம் என்றார்கள். பாகை வடித்துவிட்டு, நுரைத்துக் கிடந்த மிச்சக் கசடை வாரியெடுக்க இருதயராஜ் ஏணியில் இறங்கினான். கீழே மூச்சுக்குக் காற்றில்லை என்பது அவன் சரிந்து விழுந்த பிறகுதான் மேலே நின்றவர்களுக்கு உறைத்தது. ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த அவன் மனைவி பிலோமினா ஓடிவந்து ஏணியில் கால் வைத்தாள். இறங்கினால் அவளும் போய்விடுவாள் என்று, கூட வேலை செய்யும் தனபால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“விடுங்கண்ணே, அவரு கை அசையுது!”

“அசையல தங்கச்சி. நுரைதான் அசையுது.”

அவள் தன்னைப் பிடித்திருந்த கையைக் கடித்தாள். தனபால் பிடியை விடவில்லை. தொட்டிக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவும் இல்லை.