மெட்ராஸ் சீட்டி

பூப்போட்ட துணிக் கிழிசல் ஒன்றை மேசைமேல் வீசினான் ஏபெல். 1719-இல் லண்டனில் பட்டு நெய்கிறவன். மூன்று மாதமாக அவன் தறி சும்மா கிடந்தது.

“பாத்தியா ஹெஸ்டர்? மெட்ராஸ் சீட்டி! கப்பல்ல வந்து நம்ம வயித்துல அடிக்குதே, அதே துணிதான். கடைத்தெருவுல ஒருத்தி இதுல கவுன் தைச்சு மினுக்கிக்கிட்டுப் போனா. தறிக்காரங்க எல்லாரும் விரட்டுனோம். முதல்ல கிழிச்சது நான்தான்!”

மனைவி அந்தக் கிழிசலை மடியில் வைத்து நீவினாள்.

“அவ என்ன பண்ணா?”

“சத்தமே காட்டல. முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடுனா. பணக்காரத் திமிரு! நாம இருக்கோமா செத்தோமான்னு கேட்டிருப்பாளா?”

“மெதுவாப் பேசுங்க. மாடியில டார்கஸ் படுத்திருக்கா.”

ஏபெலின் முகம் மலர்ந்தது. பெரிய வீட்டில் வேலைக்கிருக்கும் மகளைப் பார்த்து ஆறு மாதமாகிறது.

“அட, எம்பொண்ணு வந்திருக்காளா! மொதல்லயே சொல்லக் கூடாதா?”

ஹெஸ்டர் ஊசியில் நூல் கோத்தாள்.

“எஜமானியம்மா உடுத்திக் கழிச்ச கவுனை அவளுக்குக் குடுத்தாங்களாம். பழைய துணிக் கடையில வித்து, நமக்கு ரொட்டி வாங்கிட்டு வரலாம்னு நினைச்சிருக்கா. உடுத்திக் காட்டினா நல்ல விலை கிடைக்கும்னு போட்டுக்கிட்டே போயிருக்கா.”

ஏபெல் கிழிசலைப் பார்த்தான்.

“பின்னாலருந்து உங்க குரல் கேட்டுச்சாம். கூட்டாளிங்க முன்னாடி அப்பாவுக்குத் தலைகுனிவு வந்துடக் கூடாதேன்னுதான் மூஞ்சிய மூடிக்கிட்டாளாம்.”