மூன்றாவது மாடி

"அக்கா, உங்க கையேட்டை நம்பி ஆபீஸைத் தேடி மூணாவது மாடிக்கு ஏறப் போனேன். அந்தக் கட்டடத்துக்கு ரெண்டே மாடிதான்."

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தொகுப்பாளர் இடமாகப் போட்டிருந்த கோடி அறை வாசலில் மூச்சிரைக்க நின்றவள், ஆராய்ச்சிப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவள். உள்ளே இருந்தவள், கையேட்டைத் தொகுத்த மூத்த மாணவி. சேர்ந்து எத்தனை வருடம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

"அப்படியா? அச்சுப்பிழையா இருக்கும். வா, டீ குடி" என்றாள் மூத்தவள் அலட்டிக்கொள்ளாமல்.

புதியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஆராய்ச்சி மாணவர்களிடையே ஓர் உறவுப்பாலம்' என்று கையேட்டின் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பாலமாவது மண்ணாங்கட்டியாவது! பக்கத்து மேசைக்காரன் காதில் மாட்டியதைக் கழற்றியதே இல்லை. நெறியாளர் வாரம் ஒருமுறை "ம்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். பேச ஒரு ஜீவன் இல்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். போகிற போக்கில் இவளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் போவதாக இல்லை.

கேட்க விட்டால்தானே! ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாடிக்காரன், தானும் போன வருடம் அதே மாடியைத் தேடித் தண்ணீர்த் தொட்டி வரை ஏறியதாகச் சொன்னான். கண்ணாடிக்காரி, காவலாளியிடம் மூன்றாவது மாடிக்கு வழி கேட்டாளாம். அவர் வானத்தைக் கைகாட்டினாராம். எல்லோரும் சிரிக்க, புதியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சு நெறியாளர்கள் பக்கம் திரும்பியது. தாடிக்காரன் விதவிதமாக "ம்" சொல்லிக் காட்டினான். ஆறிப்போன டீயை யாரோ மறுபடி சுடவைத்தார்கள். நாளைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவது என்று முடிவானது, அவளையும் சேர்த்துத்தான். கட்டி வைத்த பெட்டியை அவள் சுத்தமாக மறந்தே போனாள்.

கிளம்பும்போதுதான் கேட்டாள். "போன வருஷமே தெரிஞ்ச தப்புன்னா திருத்தியிருக்கலாமே, அக்கா. பாவம், எத்தனை பேர் அலையறாங்க. நான் வேணா புத்தகம் முழுக்கப் படிச்சுத் திருத்தித் தரட்டுமா?"

"மத்த இடத்துல ஒரு எழுத்துகூடத் தப்பு இருக்காது. அந்த ஒரு இடத்தை மட்டும் நான்தான் மாத்திப் போட்டேன்" என்றாள் மூத்தவள். "நிஜ ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. இப்பவும் வேணும்னா சொல்லு, காலையில நானே கூட்டிட்டுப் போறேன்."

புதியவள் தாடிக்காரனைப் பார்த்தாள், கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். அந்த மூன்றாவது மாடியில் கிடைக்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: படிப்பை விட்டு விலகுவதற்கான விண்ணப்பம்.