நடு வீடு

திரையில் ஏறிக்கொண்டே வந்த வருமானக் கோடு, கடைசி நாலு வருடத்தில் இறங்கியது.

முன்வரிசையில் இருந்த பரமநாதன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். இறங்கவும் கூடும் என்று அவருக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவர் ஒஸ்லோத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். 'ஏறினோம், ஏறுகிறோம், இன்னும் ஏறுவோம்' என்று தொடங்கும் உரை சட்டைப்பையில் இருந்தது. பக்கத்தில் நகரசபைப் பெண்மணி, கழுத்தில் மாலை, மடியில் கேசரி. இப்படி முன்னேறிய சமூகம் இன்னும் வாடகை மண்டபத்தில் கூடுகிறதே என்று அவர் இரங்கி, சொந்த மண்டபத்துக்கு வழிசெய்யவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டமே.

கூட்டம் மங்கள விளக்கோடு தொடங்கியிருந்தது. வருமானப் புள்ளிவிபரத்துக்கு எதற்குக் குத்துவிளக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவரும் பாரியாரும் சேர்ந்துதான் ஏற்றுவார்கள், அது வழக்கம். தலைவர் காலையிலேயே வந்து கதிரை அடுக்கியவர். திரியெல்லாம் போட்டு முடிந்த பிறகுதான், பாரியார் புஷ்பமலர் நனைந்த மழைச்சட்டையோடு ஓடிவந்தார்.

"ரயில் பிந்திப்போச்சு," என்றார்.

"உமக்கு எண்டு ஒரு ரயில் ஓடுது," என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சோடி.

பிறகுதான் டிலக்சி பேச வந்தாள். ஒஸ்லோவில் பிறந்தவள், புள்ளிவிபர ஆய்வாளர்.

"ஒஸ்லோ மாகாணத்தில இருக்கிற எங்கட வீடுகள் எல்லாத்தையும் வருமானப்படி வரிசையா நிப்பாட்டினா, சரியா நடுவில ஒரு வீடு நிக்கும். அந்த வீட்டின்ர வருமானத்தை வருசா வருசம் பாத்துக் கீறினதுதான் இந்தக் கோடு."

"அந்த நடு வீடு வேற எது, எங்கட வீடுதான்," என்று தலைவர் அப்போது எழும்பிச் சொன்னார். கைதட்டல் கிடைத்தது.

இப்போது கோடு இறங்கி நிற்கிறது.

போன தேர்தலில் தலைவரிடம் தோற்ற அல்பேர்ட், பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தினார். "தங்கச்சி, ஏன் விழுந்தது? நிர்வாகம் சரியில்லையோ?"

"எண்ணெய் விலை," என்றார் பரமநாதன், அவள் வாய் திறக்குமுன். "வட்டி. பிறகு, உலக நிலைமை."

"இல்லை அங்கிள். ஒருத்தற்ற சம்பளமும் குறையேல்லை." டிலக்சி நிதானமாகச் சொன்னாள். "ரெண்டு பேர் சேர்ந்து உழைச்சா ஒரு வீடு. அவை பிரிஞ்சுபோனா ரெண்டு சின்ன வீடு. கணக்கில ரெண்டும் கீழ போயிடும். இப்ப அப்பிடித்தான் கன வீடு. பிள்ளையள் வளந்து வெளிக்கிட்டாப் பிறகு, ஐம்பது அறுபது வயதில பிரியிறாக்கள்."

மண்டபத்தில் ஒருவரும் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் திடீரெனத் தன் சப்பாத்தில் அக்கறை கொண்டார்.

பரமநாதன் எழும்பினார். மண்டபம் போனால் போகட்டும். இந்தக் கதை இதோடு நிற்கவேண்டும்.

"பிழையா எண்ணியிருப்பினம், பிள்ளை," என்றார். "எங்கட ஆக்கள் அப்பிடிப் பிரியிற ஆக்கள் இல்லை. நாங்கள் கலியாணம் கட்டி முப்பத்திநாலு வருசம். புஷ்பம், எழும்பும்."

புஷ்பமலர் எழும்பினார். சபையைப் பார்த்து அளவாகச் சிரித்தார். அமர்ந்தார்.

கைதட்டல் கூரையில் பட்டது. எதற்கென்று விளங்காமலே நகரசபைப் பெண்மணியும் தட்டினார். திரையை அணைத்தார்கள். உரை ஒரு சொல்லும் மாறாமல் வாசிக்கப்பட்டது.

சாப்பாட்டு மேசையடியில் தலைவர் டிலக்சியை ஒதுக்கமாகப் பிடித்தார். "பிள்ளை, அந்தக் கணக்கில... ஆக்களின்ர பேர் தெரியுமோ?"

"இல்லை அங்கிள். வெறும் எண்ணிக்கைதான்."

அவர் இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

வெளியே மழை. அல்பேர்ட்டின் கார் பின்னால் மெதுவாக வந்ததால், தலைவரும் பாரியாரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். கார் கடந்தபோது இருவரும் கையசைத்தார்கள். ரயில் நிலையத்துக்குள் போனதும் குடையை மடக்கி அவரிடம் கொடுத்தார் புஷ்பமலர்.

"அடுத்தது தைப்பொங்கல்," என்றார் பரமநாதன். "விளக்குக்கு ஒன்பதரைக்கு நிக்கவேணும்."

"முன்னமே சொல்லுங்கோ. வேலையில நாள் மாத்தவேணும்."

"சாப்பிட்டனீரோ?"

"ஓம்."

ஹொல்ம்லியா ரயிலுக்குப் பரமநாதன் ஒரு மேடைக்கு இறங்கினார். புஷ்பமலர் மற்ற மேடைக்கு. புஷ்பமலர் திராமன் நகருக்குத் தனியாகக் குடிபோய் இந்த மாரியோடு நாலு வருடம்.

திராமன் வேறு மாகாணம். அங்கேயும் யாராவது ஒரு கோடு கீறியிருப்பார்கள்.