கைக்கு எட்டும் உயரம்

மடுல்சீமைத் தோட்டத்துத் தேயிலை ஆலையின் சிமெந்துப் படிகளில் பனி ஈரம் இன்னும் காயவில்லை. போன மாதம் இந்தப் படியில்தான் ராக்கு கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து செத்துப்போனாள். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தும் வேலை அவள் புருஷன் அடைக்கலத்துக்கே வந்திருக்கிறது. ராக்குவின் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, அவள் உயரத்துக்கு முழங்காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு அவன் படியேறுகிறான். பாரத்தில் குனிந்தவளின் கை எங்கே தேடியிருக்குமோ அங்கே சுவரைத் தொட்டுக் கரிக்கோடு இழுக்கிறான். பிறகு கூடையை இறக்கிவைத்து, உளியால் கோட்டில் துளைகள் போடுகிறான். சிமெந்துத் தூள் அவன் மீசையில் படிகிறது. கம்பியின் ஒவ்வொரு காலையும் துளையில் செருகி, காய்ச்சிய ஈயத்தை ஊற்றுகிறான். அது வெள்ளியாய் மின்னி, மங்கி, இறுகுகிறது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுக்கிறான். “ஆடுதாப்பா?” என்று கீழிருந்து கேட்கிறார் கணக்கப்பிள்ளை. “ஆடலீங்க.” “அப்ப விடு, பொம்பளைங்க ஏறணும்.” அவருக்குப் பின்னால் கூடைகளோடு பெண்கள் நிற்கிறார்கள். அடைக்கலத்தின் கை கம்பியை விடவில்லை.