காலி டப்பா

"ரேஸல், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பையனுக்குக் காலங்காத்தால கோழிக்கறி குடுத்து அனுப்பறதை மட்டும் நிறுத்திடுங்க."

யூதப் பாலர் பள்ளித் தலைவி மோரா ப்ரைனா இப்படிச் சொன்னதும் ரேஸலுக்கு வாயில் இருந்த பால் காப்பி புரையேறியது. காலையிலிருந்து அவள் வயிற்றுக்குள் போனது அந்த ஒரு கோப்பைக் காப்பிதான். அதிலும் பாதி இப்போது மேஜை மேல் தெறித்துவிட்டது.

"கோழிக்கறியா? நானா? காலையில அவனுக்கு ஓட்ஸ் கஞ்சி மோரா! அதுல சர்க்கரை கூடப் போடறதில்ல!"

பனிக் காலணியோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நாலரை வயது ஷிமி, கூரையில் ஏதோ இருப்பது போல் அண்ணாந்து பார்த்தான்.

ரேஸல் பள்ளிக்கு வந்ததே வேறு காரியத்துக்கு. நாளை சாயங்காலம் பெற்றோர் கூட்டத்தில் சத்தான மதிய உணவு பற்றி அவள்தான் பேசப்போகிறாள். டொராண்டோவில் மற்ற அம்மாக்கள் எல்லாம் பிள்ளை சாப்பிடவில்லை என்று மூக்கைச் சிந்தும்போது, ஷிமியின் டப்பா மட்டும் தினமும் துடைத்து வைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெருமையை அவள் ஜெபக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள். பேச்சு நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் பள்ளியின் சாப்பாட்டுப் பொறுப்பே அவளுக்கு என்று மோரா வாக்குக் கொடுத்திருந்தார். ரேஸல் இரண்டு வாரமாக அந்தக் கனவிலேயே மிதந்துகொண்டிருந்தாள்.

"அப்ப இவன் தினமும் சொல்றது?" மோரா கண்ணாடியைக் கழற்றினார். "டப்பாவைத் திறப்பான். சீஸ் தடவின வெள்ளரிக்கா, தயிர்ல குளிச்ச கேரட். பாத்த கையோட மூடிடுவான். 'மோரா, நான் காலையில கோழி சாப்பிட்டேன். ஆறு மணி நேரம் ஆகாம பால் சாமான் தொடக் கூடாது'ன்னுடுவான்."

"சின்னப் பிள்ளைக்கு ஏது மோரா ஆறு மணி நேரம்? ஒரு மணி நேரம் போதுமே!"

"நான் கேக்காம இருப்பேனா? 'எங்க வீட்டு வழக்கம் ஆறு'ன்னு விரலை நீட்டிக் காட்டறான். ஒரு வீட்டு வழக்கத்துல நான் எப்படி மூக்கை நுழைக்கறது? கறி சாப்பிட்ட வாய்க்குப் பாலைக் குடுத்த பாவம் எனக்கு எதுக்கு? அலமாரியில இருந்து சிப்ஸ் எடுத்துக் குடுத்துடுவேன். அதுல கறியும் இல்ல, பாலும் இல்ல. மூணு வாரமா உங்க பிள்ளை சிப்ஸ்லதான் வளர்றான்."

"அப்ப டப்பா எப்படிக் காலியா வருது?"

"வீணாப் போகுதேன்னு உதவி டீச்சர் ஃப்ரூமா சாப்பிட்டுடறா. நாலு கிலோ இளைச்சுட்டா பாருங்க. தினமும் உங்களைத்தான் வாழ்த்திட்டு இருக்கா."

ரேஸலுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது பிரதி எடுத்த பேச்சு கைப்பையில் கனத்தது. நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு மேடை ஏறுவது? வந்த ஆத்திரமெல்லாம் பிள்ளை மேல் திரும்பியது.

"டேய், இங்க வா! சாப்பாட்டுல பொய்யா? அதுவும் வேத விதியை வெச்சுப் பொய்யா? யாருடா சொல்லிக் குடுத்தா? உங்க சித்தப்பாவா? இல்ல, அந்த அடுத்த வீட்டுத் தறுதலைங்களா?"

ஷிமி, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குப் பொய்ன்னாலே ஆகாது மோரா. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது. இது வெளியில இருந்து ஒட்டிக்கிட்டு வந்த வியாதி!"

கலங்கிய கண்களைப் பார்த்ததும் மோராவின் மனம் இளகியது. "விடுங்கம்மா, குழந்தைதானே. நாளைக்கு நீங்கதான் பேசறீங்க, அதுல மாத்தமில்ல. நடந்ததை மறைக்காமச் சொல்லுங்க. உங்களை மாதிரி மனசுல பட்டதைப் பேசற ஆள்தான் அந்தப் பொறுப்புக்கு வேணும்."

ரேஸலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மோரா எழுந்துபோய் ஒரு தட்டை எடுத்து வந்தார்.

"கூட்டத்துக்காக நானே செஞ்ச சீஸ் கேக். கொழுப்பு இல்ல, சர்க்கரை இல்ல. கொஞ்சம் கோதுமைத் தவிடு சேர்த்திருக்கேன். முதல் துண்டு உங்களுக்குத்தான்."

கேக் சாம்பல் நிறத்தில் இருந்தது. கத்தி உள்ளே போகச் சற்று நேரம் பிடித்தது. போன கத்தியை வெளியே இழுக்க மோரா இன்னொரு கையால் தட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரேஸல் சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள். "அடடா மோரா, பாத்தாலே நாக்குல எச்சில் ஊறுதே! என்ன பண்றது, வர்ற வழியிலதான் கோழி சாப்பிட்டேன். ஆறு மணி நேரம் ஆகணுமே!"

ஷிமியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. ஓடிப்போய் மோராவின் கையைப் பிடித்து உலுக்கினான்.

"மோரா, நானும் இதையேதானே சொன்னேன்!"