எழுபதைத் தாண்டினால்

"எழுபதைத் தாண்டினாக் காணும் நானா, ஸ்டேரிங் கையில நிக்குதில்ல. நடுங்குது."

தன் வான் வண்டியிலிருந்து இறங்கும்போதே நிலோஜன் சொன்னான். ஆரையம்பதியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவனுடைய தொழில். இதே முறைப்பாட்டோடு அவன் காத்தான்குடியில் உள்ள, 'நானா' என்று அண்ணன் முறையில் அவன் அழைக்கும் நளீரின் கராஜுக்கு வருவது இது மூன்றாவது தடவை.

நளீர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். "போன கிழமைதானே தம்பி பாத்து விட்ட?"

"ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு. மறுகா தொடங்கிட்டு. இடையில டவுன்லயும் ஒரு இடத்தில காட்டினன். அங்கயும் அதே கதை. ரெண்டு நாள்தான்."

ஐந்து மாதங்களுக்கு முன் புணானைப் பக்கம் அந்த வான் ஒரு மாட்டில் மோதியது. முன்பக்கம் நொறுங்கிப்போனது. புது டிஸ்க், புது பிரேக் பேட், இரண்டு புது டயர் எல்லாம் போட்டுக் கொடுத்தவர் நளீர்தான். நடுக்கம் வந்தது அதற்குப் பிறகு. அவர் வேலை செய்து கொடுத்த வாகனம் ஒன்று இப்படித் திரும்பத் திரும்ப வந்தது கிடையாது.

"ஏறுங்க, ஓடிப் பாப்பம்."

பின் இருக்கையில் நிலோஜனின் மனைவி கஜானி இருந்தாள். மடியில் எட்டு மாதக் குழந்தை. நளீர் முன்னால் ஏறிக்கொண்டார்.

கல்முனை வீதியில் சனம் குறைந்த இடம் வந்ததும் நிலோஜன் அழுத்தினான். ஐம்பது, அறுபது. ஒன்றுமில்லை. எழுபதில் ஸ்டேரிங் மெல்ல அதிரத் தொடங்கியது. எண்பதில் நளீரின் காலடித் தகடும் சேர்ந்து அதிர்ந்தது.

"இப்ப பிரேக்க அமத்துங்க."

நிலோஜன் அமத்தினான். நடுக்கம் கூடவில்லை. வேகம் குறையக் குறைய அதுவும் அடங்கிவிட்டது.

"அப்ப டிஸ்க் இல்ல. டிஸ்க் கோணியிருந்தா பிரேக் பிடிக்கக்குள்ளதான் உதறும். இது சில்லுலதான் இருக்கு."

"என்னத்தில இருந்தாலும் இண்டைக்கு முடிச்சுத் தாங்க நானா. முந்தி அஞ்சு மணித்தியாலத்தில கட்டுநாயக்க போயிடுவன். இப்ப ஏழு செல்லுது. நூறில ஓட ஏலாட்டி என்னத்துக்கு வான்?"

"மாட்டோட அடிபட்டதும் நூறிலதானே?"

"அது மாட்டுட பிழை நானா."

நளீர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கஜானி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மாட்டில் மோதிய அன்றும் அவர்கள் இருவரும் அந்த இருக்கையில்தான் இருந்தார்கள்.

கராஜில் வானை ஜக்கில் ஏற்றி முன் சில்லு இரண்டையும் கழற்றினார் நளீர். நிலோஜன் பிளேன்டி குடிக்க எதிர்க் கடைக்குப் போனான். கஜானி வாசலில் கிடந்த கதிரையில் குழந்தையோடு உட்கார்ந்தாள்.

டிஸ்க் உட்காரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தார். நேராகவே ஓடியது. மிச்சம் இருந்தது சில்லுகளின் பாரம். ஒரு பக்கம் பாரம் கூடினால் சில்லு வேகத்தில் உதறும். அதனால் பாரம் குறைந்த பக்கத்தில் விரல் அகல ஈயத்துண்டுகளை ஒட்டிச் சமப்படுத்துவார்கள். போன கிழமையும் அவர் அதைத்தான் செய்திருந்தார்.

சில்லுகளை ஒவ்வொன்றாகப் பாரம் காட்டும் மெஷினில் பூட்டிச் சுழல விட்டார். வலது சில்லு சுழன்று நின்றதும் எண்ணைப் பார்த்தார். ரிம்மின் உட்பக்கத்தை விரலால் தடவினார். மெஷினை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குழந்தை சிணுங்கியது. கஜானி அதைத் தட்டிக்கொடுத்தாள்.

நளீர் சில்லைத் தூக்கி, இருந்தபடியே வானில் பூட்டினார்.

நிலோஜன் வந்தான். "கண்டுபிடிச்சாச்சா நானா?"

"பாத்தன் தம்பி. இதுக்கு மேல என்னால ஒண்டும் செய்ய ஏலா."

"என்ன நானா சொல்றீங்க?"

"அடிபட்ட வாகனம். சிலதுகள் இப்படித்தான், பழைய மாதிரி வராது. எழுபதுக்குக் கீழ வெச்சு ஓடுங்க. ஒரு கரைச்சலும் வராது."

"எழுபதிலயா? சைக்கிள்காரனும் முந்திப் போவான்!"

"போகட்டும் தம்பி."

நிலோஜன் டயரைக் காலால் ஒரு உதை உதைத்தான். நளீர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்ப ஏழு மணித்தியாலந்தான் எண்டு ஆக்களுக்குச் சொல்ல வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடி வானை றோட்டுக்கு எடுக்கப் போனான்.

கஜானி எழுந்து நளீரிடம் வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இதுக்குள்ள இன்னும் ஆறு ஈயத்துண்டு கிடக்கு நானா. அடிபட்ட வானத் திருத்தி எடுக்க வந்த அண்டைக்கு உங்கட மேசையில இருந்து கேக்காம எடுத்தது. நீங்களும் டவுன்லயும் சரிபண்ணிக் குடுக்கக் குடுக்க, அவர் நித்திரை கொள்ளக்குள்ள நான்தான் ஒட்டினன்."

நளீர் வாங்கவில்லை.

"கையில வெச்சிருங்க தங்கச்சி," என்றார். "அவர் வேற கராஜுக்குப் போனா, திரும்ப ஒட்டத் தேவைப்படும்."